அக்காவின் மரமேடை

எங்கள் தெருவுக்கு ரோடு போட வரும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே புதுசைக் கொட்டிவிட்டுப் போவார்கள். ரோடு ஏற ஏற வீடு இறங்கும். அதிலும் அயனம்பாக்கம் ஏரிக்கு அடுத்த தெரு. ஒரு மழையில் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் வந்து, செருப்புகள் எல்லாம் தாமாகவே ஹாலுக்குப் புறப்பட்டுப் போனதைப் பார்த்த பிறகு, வீட்டின் தரையை மூன்றடி தூக்கினோம். வேலை முடிந்த அன்று மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்று, "இனிமே தண்ணி வந்தா வெளியவே நின்னு நல்லாகீறீங்களான்னு கேட்டுட்டுப் போயிடும்" என்றார். அவர் சொன்னபடியேதான் நடந்தது. தண்ணீர் உள்ளே வரவில்லை. ஆனால் பின்வாசலில் நாலு படி முளைத்துவிட்டது.

எனக்கு அது நாலு படி. என் அக்காவுக்கு அது மதில்.

அக்காவுக்கு ரெண்டு வயதில் போலியோ வந்தது. அன்றையிலிருந்து கால் இரண்டும் கூட வருகிற சாமான் மாதிரிதான் அவளுக்கு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமைப்பாள், துணி மடிப்பாள், அக்கம்பக்கத்துப் பட்டுச் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பாள். என் மனைவி இறந்ததும் நான் அம்பத்தூர் கம்பெனியிலிருந்து ரிட்டையர் ஆனதும் ஒரே வருஷத்தில். அதற்குப் பிறகு வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவளால் செய்ய முடியாத வேலை என்று நான் ஒன்றையும் கண்டதில்லை. பிடிக்காத வேலை ஒன்று உண்டு. யாரையாவது கூப்பிடுவது.

"கூப்புட்டா அவுங்க வர்ற வரிக்கும் காத்துகினு இருக்கணும். வந்ததும் அவுங்க மூஞ்சியப் பாக்கணும். கோவமா வந்தாங்களா, பாவம்னு வந்தாங்களான்னு படிக்கணும். தலவலி" என்பாள்.

முன்வாசல் சரிவில் இறங்க ஒரு ஆள் பின்னாலிருந்து பிடிக்க வேண்டும். அதனால்தான் பின்வாசலில் மேடை போட்டோம். வீட்டுத் தரை மட்டத்திலேயே, பத்தடிக்கு எட்டடி, செங்கல் தூண் மேல் மரச்சட்டம், சட்டத்தின் மேல் பலகை. என் மகள் போனில் பார்த்துவிட்டு, "டெக்கா? ஃபாரின் மாதிரி இருக்குப்பா" என்றாள். பலகைகள் நிஜமாகவே ஃபாரின். திருமழிசையில் ஒரு மரப்பெட்டி யூனிட்டில் வேலை பார்ப்பவர் எங்களுக்குத் தெரிந்தவர். வெளிநாட்டு மிஷின்கள் வந்திறங்கும் பெட்டிகளைப் பிரித்து, அந்த மரத்தை அவர் மலிவாக வாங்கிக் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து அடித்தும் கொடுத்தார். பலகைகளில் கறுப்பு மையில் குடைப் படம், உடையும் கண்ணாடி டம்ளர் படம். குடைப் படம் என்றால் மழையில் வைக்காதே என்று அர்த்தமாம். அதைத்தான் நாங்கள் மழையில் வைத்தோம்.

மேடையின் உயரத்திலிருந்து பார்த்தால் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ஏரி தெரியும். சாயங்காலம் நாலரை ஆனால் அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு தானே போவாள். மடியில் சேலை, காதோரம் ஒரு நூல். வெயில் சாயச் சாய ஏரி ஒவ்வொரு நிறமாக மாற்றிக்கொண்டு வரும்: ஈயம், பித்தளை, பிறகு பேர் தெரியாத ஒரு நிறம். அந்த நேரத்தில் அவள் விரல் தானாக முடிச்சுப் போடும். கண் வேறெங்கோ இருக்கும். நான் அடுப்பங்கரையில் நின்று கூப்பிட்டால் முதல் தடவை காதில் விழாது. தூக்கத்தில் இருப்பவளைக் கூப்பிடுவதுபோல் மூணு தடவை கூப்பிட வேண்டும்.

அந்த ஐப்பசியில் புயல் வருகிறது என்றார்கள். மேடை நனையக் கூடாதே என்று எனக்குப் பதைப்பு. பந்தல் போடுகிறவரிடம் ஒரு பழைய ஃப்ளெக்ஸ் பேனர் வாங்கிவந்தேன். யார் வீட்டுக் குழந்தைக்கோ காதணி விழா. நடுவில் மொட்டை அடித்த குழந்தை, சுற்றி கும்பிட்டபடி பன்னிரண்டு தாய்மாமன்கள். மேடை முழுக்க விரித்து, நாலு பக்கமும் இழுத்து நைலான் கயிற்றால் கட்டி, காற்று நுழையாமல் தரையில் புரண்ட ஓரமெல்லாம் செங்கல் வைத்தேன். அக்கா கதவருகே இருந்து பார்த்துவிட்டு, "இன்னாடா இது, இத்தினி மாமனுங்கள ஊட்டுப் பின்னால படுக்க வெச்சுக்கீற" என்றாள்.

மழை விடவில்லை. கார்த்திகை போய் மார்கழியும் வந்தது. ஜன்னலில் நின்றால், மாமன்களின் முகத்தில் மழை விழுந்துகொண்டே இருக்கும். அவர்கள் சிரித்துக்கொண்டே இருப்பார்கள். ஒரு மத்தியானம் அந்தச் சத்தத்தில் கண்ணயர்ந்தபோது ஒரு கனவு வந்தது. பன்னிரண்டு பேரும் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டி, மேடையை அப்படியே தூக்கிப்போய் ஏரியில் விட்டார்கள். அது மிதந்தது. அக்கா அதில் உட்கார்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டே போனாள். நான் கரையில் ஓடி ஓடிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவேயில்லை, ரொம்ப நிம்மதியாக இருந்தாள். விழித்தபோது எனக்கு மட்டும் மூச்சு வாங்கியது.

தை பிறந்து பேனரைப் பிரித்தேன். மேலே ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் பழைய கிணற்றைத் திறந்த மாதிரி ஒரு வாடை. பலகையெங்கும் வெள்ளைப் பூஞ்சை, ஓரத்தில் காளான் வரிசை. காய்ந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அக்கா அதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள். மூணு மாசம் உள்ளேயே கிடந்தவள். யார் நிறுத்த முடியும்? நாலடி போயிருப்பாள். முன்சக்கரம் பொதுக்கென்று உள்ளே இறங்கி, நாற்காலி ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றது.

"டேய், கப்பல் கவுந்துபோச்சு" என்றாள். குரலில் சிரிப்பு. நாற்காலிப் பிடியை மட்டும் விடவில்லை.

பெட்டிக்காரரை வரச்சொன்னேன். திருமழிசைக்காரரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். ஸ்க்ரூ டிரைவரால் பலகையைக் குத்தினார். கேசரியில் கரண்டி இறங்குவதுபோல் இறங்கியது.

"இன்னா அண்ணாத்தே, மழ பேஞ்சுதா, அவிச்சியா?"

"நனையக் கூடாதுன்னுதானே மூடினேன்."

"மேல மூடுன. கீழ மண்ணு ஈரம், அது எங்க போவும்? இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாரி போட்டுக்கீற. மழைல சும்மா உட்டிருந்தா நனைஞ்சு காஞ்சு நனைஞ்சு காஞ்சு இன்னும் ரெண்டு வருசம் உழைச்சிருக்கும்." பாதிப் பலகையும் ரெண்டு சட்டமும் மாற்ற வேண்டும், அடுத்த ஞாயிறு வந்துவிடுகிறேன் என்றார்.

அந்த வாரம் சாயங்காலங்களில் அக்கா வேறு வழியில்லாமல் என்னைக் கூப்பிட்டாள். அவளைத் தூக்கி, மேடையை ஒட்டியிருந்த படியில் இறக்கி, தோட்டத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார வைப்பேன். அங்கிருந்து ஏரி தெரியாது; சுவரும் அதற்கு மேலே வானமும்தான். நானும் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டுக்கொள்வேன். கம்பெனிக் கதை, பஸ்ஸில் கேட்ட சண்டை, மீன்காரம்மா விலை சொல்கிற தினுசு என்று பேசிக்கொண்டே இருப்பேன். வெளிச்சம் மெல்ல வடியும். தலைக்கு மேலே பறவைகள் ஏரிக்குத் திரும்பும். நாலரை மணிக்கு ஒரு குரல் நம்மைத் தேடி வருகிறது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று, மனைவி போன பிறகு அந்த வாரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை பெட்டிக்காரருக்குப் போன் போட்டு, இந்த வாரம் வேண்டாம் என்றேன். அக்காவிடம், அவருக்கு வேலை அதிகமாம் என்றேன். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். தப்பு என்று தெரிந்தேதான் செய்தேன். அவளோ நாளுக்கு நாள் கூப்பிடுவதைக் குறைத்தாள். அஞ்சு மணிக்குக் கூப்பிட்டாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு, "இன்னிக்கு வாணாம், கண்ணு வலிக்குது" என்று உள்ளேயே ட்யூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டாள். அந்த வெளிச்சத்தில் ஒரு மாம்பழக் கலர் சேலைக்கு ஆரஞ்சு நூலைக் கட்டிவிட்டாள். அவள் கையில் நிறம் தப்பி நான் பார்த்ததில்லை. மறுநாள் காலை ஒரு வார்த்தை பேசாமல் அத்தனை முடிச்சையும் பிரித்தாள். அப்போதும் நான் போன் போடவில்லை.

நாலாவது ஞாயிறு பெட்டிக்காரர் தானாகவே வந்துவிட்டார். டாடா ஏஸில் பலகை. வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சத்தம்.

"இன்னா அண்ணாத்தே, வாராவாரம் வரவாணாம் வரவாணாம்னுகினே கீற? கட்டை எங்க யூனிட்ல எடத்த அடைக்குதுன்னு மொதலாளி கத்துறாரு. அக்கா வெளிய வர வாணாமா?"

அக்கா ஹாலில் இருந்தாள். நான் திரும்பவில்லை. முதுகில் அவள் பார்வை மட்டும் வெயில்போல் பட்டது.

"அவுரு வேலையா கீறாருன்னு சொன்னியே."

"நீ கூப்புடறது நல்லாருந்துச்சுக்கா" என்றேன்.

வெளியே பெட்டிக்காரர் பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

"உனுக்கு நல்லாருந்துச்சு" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

பிறகு நாற்காலியைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய், வாசற்படியில் நிறுத்தி, வேலையைத் தானே நடத்த ஆரம்பித்தாள். பழைய பலகைகள் வாசலிலிருந்து நீளவாக்கில், சக்கரம் சந்தில் மாட்டக் கூடாதென்று ஒன்றோடொன்று நெருக்கி அடித்தவை. பெட்டிக்காரர் அதிலேயே பிடித்தார். "சந்து உடாம அடிச்சா தண்ணி எப்டிக்கா எறங்கும்? திரும்பவும் இதே கதிதான்."

"நீளமா சந்து உட்டா என் சக்கரம் எறங்கிடும்."

"அப்போ இன்னா பண்றது?"

"குறுக்கால போடு. நான் சந்த தாண்டிப் போறேன், சந்துலயே போவல."

"கடகடன்னு ஆடுமேக்கா."

"ஆடட்டும். ரயிலு ஆடாமயா போவுது?"

அவர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அண்ணாத்தே, நீ அந்த பேனர வாங்கறதுக்கு முன்ன இவங்களக் கேட்டிருக்கலாம்."

மத்தியானம் முழுக்க வேலை. சட்டங்களைத் திருப்பி வைத்து, கெடாத பழைய பலகைகளையும் பெயர்த்து எல்லாவற்றையும் குறுக்கே போட்டார். ஒவ்வொரு பலகைக்கும் அடுத்த பலகைக்கும் நடுவில் ஒரு மூணங்குல ஆணியை நிறுத்தி, அந்தப் பருமன் சந்து விட்டு அடித்தார். அக்கா மடியில் ஆணி டப்பா. ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அடிச்சட்டத்துக்கு வண்டியில் வடித்த வேஸ்ட் ஆயில் பூசியது நான். "பஸ் டெப்போல குடியிருக்குற மாரி கீது" என்று மூக்கைப் பொத்தினாள். காலைப் பேச்சுக்குப் பிறகு என்னிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்பதால், அந்த நாற்றம்கூட எனக்கு நன்றாக இருந்தது. மேல்பலகைக்கு லின்சீட் என்கிற ஆளிவிதை எண்ணெய். அது வெயிலில் ஊற ஊறப் புதுமரம் தேன் நிறத்துக்கு வந்தது. சந்துகள் வழியாகக் கீழே மண்ணில் கோடு கோடாக வெளிச்சம் விழுந்தது. தண்ணீருக்குள்ளிருந்து மேலே பார்ப்பதுபோல் இருக்கிறது என்று, மேடைக்கு அடியில் குனிந்திருந்த எனக்குத் தோன்றியது. வெளியே வரவே மனசில்லை.

எண்ணெய் காய மூன்று நாள். நாலாம் நாள் நாலரைக்கு அவள் கதவைத் தள்ளினாள். நான் அடுப்பங்கரையில் ஏற்கெனவே கழுவிய டம்ளரைத் திரும்பக் கழுவினேன். தடக், தடக், தடக் என்று சக்கரம் பலகை பலகையாகத் தாண்டிப் போனது. ஓரம் வரை போய் நின்றது. பிறகு ஒன்றுமில்லை. சத்தம் நின்ற இடத்தில் ஏரி இருந்தது.

அவள் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு வாரம் ஓடிற்று. சாப்பாடு போடுவாள், பேசுவாள், சிரிக்கவும் செய்வாள். நாலரையானால் தடக் தடக். நான் முன்வாசலில் உட்கார்ந்து ரோட்டில் போகிற தண்ணீர் லாரிகளை எண்ணுவேன்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, எழுந்து பின்வாசலுக்குப் போனேன். அவள் முதுகு தெரிந்தது. ஏரி முழுக்கப் பித்தளை. என் வயசுக்கு அவளிடம் எத்தனையோ கேட்டிருக்கிறேன், இதைக் கேட்டதில்லை.

"அக்கா, நான் வரட்டுமா?"

கொஞ்ச நேரம் கழித்துத்தான் பதில் வந்தது. தூங்கி எழுந்தவள் குரல்.

"வா. ஆனா பேசாத."

நாற்காலியை ஓரமாக நகர்த்தி எனக்கு இடம் விட்டாள். நான் மேடை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தேன். பலகை இன்னும் பகல்சூடோடு இருந்தது. தண்ணீரில் ஒரு நீர்க்காகம் முங்கியது. எங்கே எழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் நினைத்த இடத்தில் எழவில்லை. வேறெங்கோ, ரொம்பத் தள்ளி எழுந்தது. திரும்ப முங்கியது. பித்தளை கறுத்து, அந்தப் பேர் தெரியாத நிறம் வந்தது. அதை இத்தனை வருஷமும் அடுப்பங்கரை ஜன்னல் வழியாகத் துண்டாகத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்தது. முழுசாக அது அசையாமல் இருந்தது.

எப்போதோ என் முதுகுக்குப் பின்னால் சக்கரம் திரும்பியது. தடக், தடக் என்று வீட்டுக்குள் போனது. எழுந்து போய்க் கதவைப் பிடிக்கலாம் என்று மடக்கிய கால்களைத் திரும்பத் தொங்கவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.