பிள்ளையார் வேண்டாம் என்ற வீடு

காரைக்குடியில் நாங்கள் குடியிருந்தது ஒரு வரிசை வீட்டின் நாலாவது கதவில். ஐந்து குடும்பத்துக்கு ஒரே கிணறு. கிணற்றடியில் சண்டை வரக்கூடாதே என்று அம்மா விடியுமுன்னே குடத்தோடு போய்விடுவாள். அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். கீழச்சிவல்பட்டிப் பக்கம் அவர் பங்குக்கு வந்த நிலத்தை விற்ற கையோடு, சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிட வேண்டும் என்று அம்மா பிடித்த பிடியாக நின்றாள்.

பர்மாவிலிருந்து ஆட்கள் கப்பலேறித் திரும்பி வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. எனக்கு ஒன்பது வயது. செட்டியார்கள் இருந்த பழைய தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அங்கே சின்ன வீடு ஒன்று விலைக்கு வருகிறது என்று தரகர் வந்து சொன்னார். சின்னது என்பது அந்தத் தெருக்காரர்கள் பேச்சு. எங்களுக்கு அதன் வாசற்கதவே எங்கள் வீட்டு அகலம் இருந்தது.

வீடு, மெட்ராசில் வேலை பார்க்கும் ஒருவர் பெயரில் இருந்தது. அதில் குடியிருந்தது அவருடைய சின்னாத்தா, சித்தி முறை. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளையும் கிடையாது. எல்லாரும் ஆச்சி என்றார்கள், நானும் ஆச்சி என்றேன்.

நாங்கள் வீடு பார்க்கப் போன அன்று மெட்ராஸ்காரரும் வந்திருந்தார். ஆச்சிதான் வாசலுக்கு வந்து கூப்பிட்டார்கள்.

"வாங்கத்தா, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீக, மோர் குடிங்க."

அறை அறையாகக் காட்டினார்கள். அடுப்படியில் நின்று அம்மாவிடம், "இந்தச் சன்னல ஆடி மாசம் தொறந்திராதீக, காத்து அடுப்ப அணைச்சிரும்," என்றார்கள். முற்றத்தில், "மழை பேஞ்சா அந்தத் தெக்கு மூலையில தண்ணி நிக்கும். குச்சிய விட்டுக் குத்தினா போயிரும்," என்றார்கள். நாளையே குடிவரப் போகிறவள் மாதிரி அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"சின்னாத்தாவை நான் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன். ராணி மாதிரி வச்சுக்குவேன்," என்றார் மெட்ராஸ்காரர்.

"ராணிக்கு மூணாவது மாடியாம். வத்தல் காயப் போடணும்னா ஆகாசத்துலதான் போடணும்," என்றார்கள் ஆச்சி.

எல்லாரும் சிரித்தோம். மெட்ராஸ்காரரும் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

கடைசியாக ஒரு பூட்டிய அறை. ஆச்சி இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து அப்பாவிடம் நீட்டினார்கள். அப்பா பிடித்தார். ஆனால் ஆச்சியின் விரல்கள் கொத்தை விடவில்லை. அப்பா மெல்ல இழுத்துப் பார்த்தார். அப்போதும் விடவில்லை. தன் கை விடாமல் இருப்பது ஆச்சிக்கே தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். "நீங்களே தொறங்க, ஆச்சி."

திரும்பும் வழியில் அம்மா, "என்னங்க யோசனை? அட்வான்ஸ் குடுத்துர வேண்டியதுதான?" என்றாள்.

"பிள்ளையார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம்," என்றார் அப்பா.

அம்மா மறுக்கவில்லை. அக்கா கல்யாணமானாலும் சரி, கடைக்கு இடம் பார்த்ததானாலும் சரி, பூக் கட்டிப் பார்க்காமல் எங்கள் வீட்டில் எதுவும் நடந்ததில்லை. ஒரு பொட்டலத்தில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் ஒன்றுபோல வாழை இலையில் மடித்து, நாரால் கட்டிச் சாமி முன்னால் வைத்துவிட்டு, ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் நடத்தலாம். சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவே பூப் பறித்து, அப்பாவே கட்டிக் கொண்டுவந்தார். வீடு அமைந்தால் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக அம்மா ஏற்கெனவே வேண்டியிருந்தாள். சன்னதியில் என் காதோரம் குனிந்து, "சாமிய நல்லா நெனச்சு எடு தாயி. ஒங் கையிலதான் இருக்கு," என்றாள்.

கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். குருக்கள் நாரைப் பிரித்தார். செவ்வரளி.

அம்மா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரி. பிள்ளையாரு சொன்னாச் சரிதான்," என்றவள், பிரகாரம் கூடச் சுற்றாமல் எங்கள் வீட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் பேச்சாகிவிட்டது. பிள்ளையாரே வேண்டாம் என்று சொன்ன வீடு! அதன்பிறகு தரகர் கூட்டிவந்த ஆட்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். மெட்ராஸ்காரரும் அலுத்துப்போய் ஊருக்குக் கிளம்பிவிட்டார். ஆச்சி அந்த முற்றத்திலேயே இன்னும் நாலு கோடை வத்தல் காயப்போட்டு, அந்த வீட்டிலேயே கண்ணை மூடினார்கள். நாங்கள் கடைசிவரை வீடு வாங்கவில்லை. எனக்குக் கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அதே நாலாவது கதவுதான்.

அம்மா என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் அதற்கப்புறம் பூ எடுக்க என்னைக் கூப்பிட்டதில்லை. "நீ வாடா ராசா," என்று தம்பியைத்தான் கூப்பிடுவாள். வீட்டு விசேஷத்துக்கு முதல் பிடி மஞ்சள் இடிப்பதற்குக் கூட அவன் கைதான். என் கை ராசியில்லாத கை என்று அவள் மனதில் விழுந்துவிட்டது. அதை மாற்ற என்னிடம் ஒரு வார்த்தை இருந்தது. நான் சொல்லவில்லை. அம்மா போகும்வரை சொல்லவில்லை. சாமி பேரில் இப்படிச் செய்யலாமா என்று இன்றைக்கும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மா போனபிறகு நடந்தது இது.

எடுக்காத பொட்டலம் சன்னதிப் படியிலேயே கிடந்தது. எனக்குத் தப்பிப்போன அந்த வெள்ளைப் பூவை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் போலிருந்தது. நாரைப் பிய்த்தேன்.

அதிலும் செவ்வரளி.

"அப்பா! தப்பாக் கட்டிட்டீக! ரெண்டுலயும் செவப்பு! இருங்க, அம்மாவக் கூட்டியாறேன், மறுபடி எடுப்போம்!"

ஓடப்போனவளை அப்பா கையைப் பிடித்து நிறுத்தினார். பூவை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

"வேணாம் தாயி. அம்மாட்ட சொல்லாத. யார்ட்டயும் சொல்லாத."

"அப்ப அந்த வீடு?"

அவர் ஆச்சி வீட்டுத் தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிள்ளையாரைப் பார்த்துத் திரும்பி, இரண்டு காதையும் மாற்றிப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்தார். வழக்கமாக மூன்று போடுவார். அன்று மூன்றோடு நிற்கவில்லை. பத்து, இருபது என்று நான் எண்ணிக்கொண்டே வந்தேன். முழங்கால் மளுக்கென்று சத்தம் போட்டது. வேர்வை முதுகில் ஓடியது. குருக்கள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஐம்பதைத் தாண்டியபோது அப்பாவின் கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. அதையும் வேர்வை என்றுதான் நினைத்தேன்.

அந்த வீடு போனால் போகிறது, அதைவிடப் பெரிய வீடு ஒன்று கேட்கிறார் போலிருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்று, நானும் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"பிள்ளையாரே, மாடி வச்ச வீடாக் குடுங்க," என்று சத்தமாகவே வேண்டிக்கொண்டு, அவரோடு சேர்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.