இரண்டாவது பொத்தான்

“பொம்பளப் புள்ளக்கி இன்னாத்துக்கு மெஷினு படிப்பு? நாளைக்கி கைய கிய வுட்டுக்கினு வந்து நின்னா எவன் கட்டிக்குவான்?” என்று பெரியம்மா கேட்டாள். தெருக்குழாயடியில், நாலு பேர் காதில் விழும்படி. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து ஒரு பெரிய கம்பெனியில் அப்ரண்டிஸாகச் சேரப்போகிறேன் என்பதை அம்மா அன்றுதான் வெளியில் சொல்லியிருந்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “மெஷினத் தெரிஞ்சவ ஏன் பெரிம்மா கைய வுடப்போறா?” என்றேன். திமிர் என்றார்கள். இருக்கட்டும். படித்துச் சம்பாதித்த திமிர் அது.

1991 ஆடியில் சேர்ந்தேன். ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே பஸ்ஸில் ஜனங்கள் குரலைத் தாழ்த்திய மாதங்கள் அவை. பிள்ளைப்பாக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் இறங்கிய முதல் நாள், டைம் ஆபீஸில் ஒரு பித்தளை டோக்கன் கொடுத்தார்கள். நாற்பத்தொன்று. இரும்புத் தகடுகளை அடித்து வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேன் அந்த எண்ணைக் கூப்பிட்டபோது கையைத் தூக்கினேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. வேறு யாரோ வரப்போவதுபோல வாசல் பக்கம் திரும்பினார்கள்.

என்னை ஒரு பிரஸ்ஸில் போட்டார்கள். அதை ஓட்டிய ஆபரேட்டர் சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னார். அந்த எண் சேரப்பணஞ்சேரிப் பையன் ஒருவனுடையது. என்னைப் போலவே அப்ரண்டிஸ். இதே பிரஸ்ஸில் அவனுடைய வலது கை போய்விட்டது. அந்த இடம் காலியானதால்தான் காத்திருந்தவர்களில் முதலில் இருந்த எனக்கு ஆர்டர் வந்தது.

சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்தேன்.

விபத்துக்குப் பிறகு பூசணிக்காய் உடைத்துத்தான் பிரஸ்ஸைத் திரும்ப ஓட்டினார்களாம். சிமென்ட் தரையில் சிவப்புக் கறை ஒன்று இருந்தது. குங்குமம் என்றார்கள். பிரஸ்ஸின் ஒவ்வொரு அடியும் தரை வழியாக வந்து கணுக்காலில் ஏறும். பஸ்ஸில் திரும்பும்போதும், வீட்டில் பாயில் படுத்த பிறகும் அந்த அடி காலுக்குள் விழுந்துகொண்டே இருக்கும்.

அந்த பிரஸ்ஸுக்கு இரண்டு பொத்தான்கள். இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே இருக்கும் பாரம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால் எந்தக் கையும் அடியில் சிக்காது. அதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் வலது பொத்தானின் இடுக்கில் ஒரு தகட்டுத் துண்டைச் செருகி, அதை எப்போதும் அமுங்கியே இருக்க வைத்திருந்தார்கள். ஒரு கையால் பொத்தானை அழுத்திக்கொண்டே மறு கையால் அடிக்க வேண்டிய தகட்டை உள்ளே வைக்கலாம், எடுக்கலாம். வேலை சீக்கிரம் நடக்கும். வரிசையில் எல்லா பிரஸ்ஸும் அப்படித்தான் ஓடின. கை போன பிறகும்.

நான் ஓட்டும் முறை வந்தபோது அந்தத் துண்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் அழுத்தினேன். அடுத்த மெஷினில் இருந்தவர் வேலை வராமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“இன்னாம்மா, கோலம் போடறியா?” என்று ஃபோர்மேன் வந்தார்.

“ரெண்டு கையாலதான் சார் ஓட்டணும்.”

“எனக்கே பாடம் நடத்துறியா? முடியலைன்னா சொல்லு, ஆபீஸ்ல டைப் அடிக்க அனுப்பிடறேன். உன் ரிப்போர்ட்ட நான்தான் எழுதணும், ஞாபகம் இருக்கட்டும்.”

அந்த ரிப்போர்ட் நன்றாக இருந்தால்தான் ட்ரெயினிங் முடிந்து வேலையில் வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் குழாயடிக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முறை முடிந்ததும் ஆபரேட்டர் தகட்டைத் திரும்பச் செருகினார்.

மறுநாள் கையுறை வாங்க ஸ்டோருக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு இளைஞர். வலது சட்டைக்கை முழங்கைக்குக் கீழே மடித்துப் பின் குத்தியிருந்தது. என் டோக்கனைப் பார்த்ததும் சிரித்தார்.

“இன்னா நாப்பத்தொண்ணு, ஜோடியா வேணுமா ஒத்தையா? வலது கை மட்டும்னா எங்கிட்ட நெறைய மிச்சம் கீது.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “அண்ணா, அந்தத் தகட்ட யாரு சொருவுனது?” என்று கேட்டுவிட்டேன்.

“நான்தான். எல்லாரும் சொருவுனாங்க, நானும் சொருவுனேன். இல்லாங்காட்டி லைன் நிக்கும், அந்தாளு வந்து கத்துவாரு. விசாரணைல என் கவனக்குறைவுன்னு சொன்னாங்க. நானும் ஆமான்னுட்டேன்.” கையுறைகளை என் பக்கம் தள்ளினார். “இன்னொண்ணு சொல்லட்டா? தட்டுல சோத்தப் பாத்தா போன கையோட வெரலு இன்னும் மடங்குது. பெசையறா மாரியே கீது. அம்மா பாத்தா அழும்னு செவுத்துப் பக்கம் திரும்பிக்கினு துண்றேன்.”

அன்றிலிருந்து பிரஸ் ஓங்கும்போதெல்லாம் என் வலது கை விரல்கள் தாமாக மடங்கின. சில சமயம் அது என் கைதானா என்று பார்த்துக்கொள்வேன். அவருடைய எண்ணைச் சுமந்துகொண்டு, அவருடைய இடத்தில் நின்று, அவர் கை போன இரும்புக்கு முன்னால் என் கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

தகட்டைப் பிடுங்கிப் போட்டுப் பயனில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிடுங்கினால் இன்னொன்றைச் செருகுவார்கள். மனுஷர்களைக் கெஞ்சுவதைவிட மின்சாரத்தை மாற்றுவது சுலபம். ஒவ்வொரு அடிக்குப் பிறகும் இரண்டு பொத்தானும் விடுபட்டால்தான் அடுத்த அடி விழ வேண்டும். ஒன்று அமுங்கியே இருந்தால் பிரஸ் அசையக் கூடாது. மின்சாரத்தைத் தானாகத் துண்டித்து இணைக்கும் ஒரு ரிலேயும் கொஞ்சம் ஒயரும் போதும். அட்டைப்பெட்டிக் கிழிசலில் வரைந்து மெயின்டனன்ஸ் இன்ஜினியரிடம் காட்டினேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யார் வரைஞ்சு குடுத்தது?”

“நான்தான் சார். பாலிடெக்னிக்ல ரிலே பாடம் எடுத்தாங்க.”

“புரொடக்ஷன் கொறையும். கத்துவாங்க.”

“தெரியும் சார்.”

“ஒரு பிரஸ்ல போட்டுப் பாரு. மத்தது அப்புறம்.”

வார விடுமுறையில் அவர் பக்கத்தில் நிற்க, நானே ஒயர்களை மாட்டினேன். திங்கட்கிழமை ஆபரேட்டர் வழக்கம்போலத் தகட்டைச் செருகி இடது பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினார். பிரஸ் செத்ததுபோல் நின்றது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் என்னை முறைத்தார். பிறகு தகட்டை உருவி ஸ்கிராப் தொட்டியில் எறிந்துவிட்டு இரண்டு கையையும் பொத்தான்களில் வைத்தார்.

ஃபோர்மேன் என் காதருகே வந்து, “ரிப்போர்ட்ல என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

“எழுதுங்க சார்” என்றேன்.

அந்த வரிசையில் இன்னும் ஐந்து பிரஸ்கள் ஒரு கையால் ஓடிக்கொண்டிருந்தன. ‘அப்புறம்’ என்று இன்ஜினியர் சொன்னது எப்போது என்று நான் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் கேன்டீனுக்குப் போனதும், அடுத்த பிரஸ்ஸின் மெயின் சுவிட்சை அணைத்து, ‘வேலை நடக்கிறது’ பலகையை மாட்டிவிட்டு, பேனல் மூடியின் முதல் திருகைக் கழற்றினேன்.