அப்பா படுத்துப் பார்த்த வீடு

வீடு பார்க்கப் போனால் என் அப்பா காசிமாயன் தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்க்கமாட்டார். சமையலறைப் பக்கம் தலை வைக்கமாட்டார். நேராக ஹாலுக்குப் போவார். தோளில் கிடக்கும் துண்டை விரித்து, தெற்கே தலை வைத்து, மல்லாந்து படுப்பார். கைகளை நெஞ்சுமேல் வைத்துக்கொள்வார். புரோக்கருக்கு முகம் வெளுத்துவிடும்.

"மாப்ள, கால்மாட்டுல எம்புட்டு எடம் இருக்குன்னு பாருங்க."

மாப்பிள்ளை என்பது என் கணவர் முனீஸ். அவரும் பார்த்துச் சொல்வார். "ரெண்டு பேரு உக்காந்து அழுகலாம் மாமா."

"ரெண்டு பேரு பத்தாது. வேற பாப்போம்."

அப்பா போய்ச் சேர்ந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. தப்பு என்பவர்கள் அவரிடமே போய்ப் புகார் சொல்லலாம்.

அப்பா உசிலம்பட்டிப் பக்கம். திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் ஆனவர். மேஜைமேல் துணியை அடுக்கடுக்காக விரித்து, கையும் கழுத்தும் உடம்புமாக வெட்டித் தள்ளுவது வேலை. துணி வீணானால் முதலாளியைவிட அவர்தான் அதிகம் கத்துவார். நான் டெக்ஸ்டைல் டிப்ளமோ முடித்து, சாயப்பட்டறை லேபில் இருக்கிறேன். சாயம் நிற்குமா, போகுமா என்று சொல்வது என் வேலை. மற்ற விஷயங்களில் எனக்கு அவ்வளவு நிச்சயம் கிடையாது.

2001இல் அம்மா ஆஸ்பத்திரியில் இறந்தாள். அப்போது நாங்கள், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். உடம்பை வீட்டுக்குக் கொண்டுவர வண்டி பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தப்பா நெனைக்காதீங்க மாஸ்டர். பக்கத்துல எல்லாம் கொழந்த குட்டி இருக்குதுங்க. அப்புறம் ஊட்டுக்கு வாடகைக்கு ஆளு வரமாட்டாங்க. நேரா சுடுகாட்டுக்கே கொண்டு போயிட்டீங்கன்னா நல்லதுங்க. நானும் கூட வர்றனுங்க."

சொன்னபடி கூட வந்தார். மாலையும் போட்டார். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அப்பா சொன்னார்: "இம்புட்டு மரியாதையா என்னய யாரும் செருப்பால அடிச்சதில்லத்தா."

காரியம் முடிந்த கையோடு ஊருக்குப் போய்த் தன் பங்கு நிலத்தை விற்றுவிட்டு வந்தார். அந்தப் பணத்தோடு கம்பெனி பி.எஃப். பணத்தையும் சேர்த்து என் முன்னால் வைத்தார். "ஒரு வீடு பாரு. நான் செத்தா ஒரு நாள் நிம்மதியா கெடக்கணும். அதுக்கு முந்தி நீங்களும் இருந்துக்கங்க."

பணம் தயார். வீடு யார் பெயரில் என்பதில் சிக்கல். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது எங்கள் பக்கம் கேவலம். அதனால் அப்பா முனீஸ் வீட்டில் இருக்கமாட்டார். மாமனார் வீட்டில் தங்குவது அதைவிடக் கேவலம். அதனால் முனீஸ் அப்பா வீட்டில் இருக்கமாட்டார். இரண்டு மானஸ்தர்களும் ஒரே லைன் வீட்டில், ஒரே டிவிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் வரமாட்டேன் என்று சண்டை போட்டார்கள். கடைசியில் நான் என் பெயரில் எழுதச் சொன்னேன். இரண்டு பேருக்கும் மானம் மிஞ்சியது. அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் அப்பாவுக்கு ஒரே பேச்சு: "ஹவுஸ் ஓனரம்மா, கொழம்பு ஊத்துங்க."

வீடுதான் அமையவில்லை. சில ஹால்கள் கிழக்கு மேற்காக நீண்டிருந்தன. அவற்றில் தெற்கே தலை வைத்தால் நீளம் போதாது. சிலவற்றில் கதவு குறுகல். ஊரெல்லாம் வாழ்வதற்கு வாஸ்து பார்த்தது, அப்பா சாவதற்குப் பார்த்தார்.

கடைசியாகச் சென்னம்மாள் வீடு. கணவர் இல்லை, மகன் தாராபுரத்தில். அங்கே போய்விடலாம் என்று விற்றார். ஹாலைக் கண்டதும் அப்பாவின் கண் விரிந்தது. துண்டும் விரிந்தது. காப்பியோடு வந்த சென்னம்மாள் பதறிப்போனார்.

"ஏனுங்க, மயக்கமுங்களா?"

"இல்லத்தா. செத்தா கெடத்துறதுக்கு எடம் பாக்குறேன்."

ஒரு தம்ளர் கீழே விழுந்தது.

"எம் புள்ளைக்குக் கண்ணாலம் பண்ணுன எடமுங்க இது! வெளக்கு வெக்கற ஊட்டுல என்ன பேச்சுங்க இது? உங்களுக்கு ஊடு இல்லீங்க." தட்டை நீட்டினார். "காப்பியக் குடிச்சுட்டுப் போங்க."

அப்பா எழுந்து உட்கார்ந்து காப்பியை வாங்கிக்கொண்டார். "பாத்தியாத்தா, இந்த ஊர்ல வெரட்டுறப்பக்கூடக் காப்பி குடுத்துத்தான் வெரட்டுறாங்க" என்றார் என்னிடம். சென்னம்மாளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். காப்பி தீர்வதற்குள் அப்பா அம்மாவின் கதையைச் சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் கையைப் பிடித்ததையும் மாலை போட்டதையும் விடவில்லை.

சென்னம்மாள் விழுந்த தம்ளரை எடுத்துக் கையில் வைத்திருந்தார். "எனக்கும் நாலு லைன் ஊடு இருக்குதுங்க. என்னையக் கேட்டிருந்தாலும் நானும் அதையேதானுங்க சொல்லியிருப்பேன்."

"தெரியும்த்தா. நீங்களாச்சும் வாயத் தொறந்து ஒத்துக்கிட்டீங்க."

தம்ளரைத் தட்டில் வைத்தார். பிறகு அந்தம்மா நாற்காலியை இழுத்துப் போட்டார். "வெல பேசறதுன்னா இதுல உக்காந்து பேசுங்க. படுத்துக்கிட்டு வேண்டாமுங்க."

வாங்கினோம். மாடியை ஆரோக்கியராஜ், ரோஸ்மேரி என்ற தம்பதிக்கு வாடகைக்கு விட்டோம். இரண்டு பேரும் டெய்லர்கள், சிவகங்கைப் பக்கம். ஆரோக்கியராஜும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து கறி எடுப்பார்கள். மற்றதையும் சேர்ந்துதான் எடுப்பார்கள், எனக்குத் தெரியாது என்ற நம்பிக்கையில்.

ஒரு நாள் ஆரோக்கியராஜ் தையல் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து ரோஸ்மேரி முனீஸுக்குப் போன் செய்தாள்.

"அண்ணே, அவர நேரா கல்லறைத் தோட்டத்துக்கே கொண்டு போயிரவா?"

வாடகைக்கு இருப்பவள். நாங்கள் சொல்லப்போவதை அவளே சொல்லிவிட்டாள். முனீஸ் போனைக் கையால் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தார். "மாடிப்படி குறுகல் மாமா. பெட்டி திரும்பாது."

"மாடிக்கு எதுக்குக் கொண்டு போற? கீழ இம்மாம் பெரிய ஹால் என்னத்துக்கு இருக்கு? வரச் சொல்லு."

தன் கட்டிலைத் தானே இழுத்து வெளியே போட்டார். உடம்பு வந்ததும் ரோஸ்மேரியிடம் கேட்டார்: "உங்காளுகளுக்குத் தலைய எந்தப் பக்கம்த்தா வக்கிறது?"

"தெரியலையே அய்யா."

"அப்பத் தெக்கயே இருக்கட்டும். சேசு கோவிச்சுக்க மாட்டாரு."

விடிய விடிய ஜெபம் நடந்தது. அப்பா மெழுகுவத்தி அணையாமல் பார்த்துக்கொண்டார். மறுநாள் எடுத்த பிறகு ஹாலைக் கழுவிவிட்டு, ஈரத்தில் நின்றுகொண்டு சொன்னார்: "ஊரெல்லாம் படுத்துப் படுத்துப் பாத்து வாங்குன எடம். அந்தப் பய போணி பண்ணிட்டுப் போயிட்டான்." சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

போன மாதம் குலசாமி கும்பிட ஊருக்குப் போனார். கோயிலில் வரிசையில் நின்றவர் அப்படியே உட்கார்ந்தார். முடிந்தது. நாங்கள் போவதற்குள் சித்தப்பா அய்யாசாமி பந்தல் போட்டுவிட்டார்.

"சொந்த மண்ணுல கெடக்கட்டும்த்தா. திருப்பூர்ல என்ன இருக்கு?"

"மண்ண வித்துட்டுத்தான சித்தப்பா அங்க வீடு வாங்குனாரு? அந்த மண்ண வாங்குனதே நீங்கதான். பத்திரத்த எடுத்துப் பாருங்க."

 வண்டி பிடித்தோம். கோபத்தோடு சித்தப்பாவும் ஏறிக்கொண்டார். நாங்கள் வந்து சேர்ந்தபோது ரோஸ்மேரி ஹாலை ஒழித்து, வாசலில் நாற்காலி போட்டிருந்தாள். கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். சென்னம்மாள் தாராபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து, "எங்க மாஸ்டரே" என்று சொல்லிச் சுவரோரம் உட்கார்ந்தார்.

பத்து மணிக்கெல்லாம் சித்தப்பா ஆரம்பித்துவிட்டார். "வெயிலு ஏறுது. உச்சிக்கு முந்தி எடுத்துரணும். எல்லாரும் பஸ்ஸப் பிடிச்சு ஊரு போய்ச் சேரணும்ல?"

முனீஸ் என்னைப் பார்த்தார்.

"சாயங்காலம் எடுக்கலாம்" என்றேன்.

"எதுக்குத்தா அம்புட்டு நேரம்?"

"என்ன அவசரம் சித்தப்பா? வாடகை வீடா?"

அப்பா சாயங்காலம் வரை இருந்தார்.