இரண்டாகக் குறைந்த ப்ராசசர்கள்

ஃபிஜித் தீவின் லம்பாசா ஊரில் எங்கள் ஆபீசுக்கு இருந்தது ஒரே ஒரு நிஜ சர்வர். அதற்குள் மென்பொருளால் சில மெய்நிகர் சர்வர்களை உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் இத்தனை ப்ராசசர் என்று நானும் உடன் வேலைபார்த்த செமியும்தான் ஒதுக்குவோம்.

ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு நான் செமியிடம் பேசுவதையே நிறுத்திவிட்டேன். நான் இந்திய வம்சாவளி; அவன் பூர்வகுடி ஃபிஜியன், அண்ணன் ராணுவத்தில் இருந்தான். சந்தேகப்பட எனக்கு அது போதாதா?

ஒரே ப்ராசசரோடு, சம்பளக் கணக்குப் போடும் மெய்நிகர் சர்வர் திணறியது. நான்காக உயர்த்தினேன். மறுநாள் பார்த்தால் இரண்டு. மறுபடி நான்காக்கினேன், மறுபடி இரண்டு. யாரோ சொல்லித்தான் இவன் கெடுக்கிறான் என்று முடிவுகட்டினேன். ஒரு மாலை கிளம்புவதுபோல் கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்தேன். செமி சம்பள சர்வரை நிறுத்திவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டிருந்தான்.

"யாரு செய்யச் சொன்னா?" என்று எங்கள் ஊர் ஹிந்தியில் கத்தினேன்.

அவனும் ஹிந்தியிலேயே, சகோதரி என்று அழைத்து நிதானமாகச் சொன்னான்: "பஹினி, நிஜ மெஷின்ல மொத்தமே நாலுதான். நாலையும் இதுக்கே குடுத்தா, மத்த சர்வர் வேலையெல்லாம் முடிஞ்சு நாலும் ஒண்ணா காலியாகுற வரைக்கும் இது காத்துக்கிட்டே நிக்கும். ரெண்டு போதும்."

"என்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"நீங்க பேசினாத்தானே? நீங்க வெளிநாடு போயிட்டா நான் தனியா பாக்கணும். அதான் பழகிக்கிறேன்."

நியூசிலாந்து விசா வந்ததை நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. "யாரு சொன்னா?"

"உங்க மேசையில இருந்த முருகன் படத்தைக் காணோமே, பஹினி."

அத்தனை நாள் செமியைக் கண்காணித்தவள் நான். அவன் மேசையில் என்ன இருந்தது என்று ஆக்லாந்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.