ஆசிரியர் பெயர்: வெற்றிச்செல்வி

ஆலத்தியூர் வெற்றிச்செல்விக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள், சிரிப்பாள். அதைப் பார்த்தே முதலாளி தங்கராசு சுதாரித்திருக்க வேண்டும். மனுஷனுக்கு அவ்வளவு விவரம் போதாது.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருக்கு ஃப்ளெக்ஸ் கடை. கூடவே மாவட்டச் செய்திக்கு ஒரு வெப்சைட். சைட் அவருடையது, உழைப்பு வெற்றிச்செல்வியுடையது. வேப்பந்தட்டையில் மக்காச்சோளத்தில் புழுவா, கீழப்பழுவூரில் தேரோட்டமா, சிமெண்ட் லாரி மோதிச் சாலை மறியலா, பஸ் பிடித்துப் போய்ப் பார்த்து அவளே எழுதுவாள், சைட்டை நடத்தும் வேர்டுபிரஸ் மென்பொருளில் அவளே ஏற்றுவாள்.

ஒருமுறை தங்கராசு கேட்டார். "இந்தப் பக்கமெல்லாம் எங்கம்மா இருக்கு?"

"பக்கம்னு ஒண்ணும் கெடையாது சார். எழுதுனது தனியா டேட்டாபேஸ்ல கெடக்கு. யாராச்சும் தொறந்தா பிஎச்பியில எழுதுன புரோகிராம் போயி அத எடுத்தாந்து, எச்டிஎம்எல்ல அடுக்கிக் காட்டும். நெறம், எழுத்து அளவெல்லாம் சிஎஸ்எஸ் பாத்துக்கும். தீம்ங்கிறது சட்டை மாதிரி. மாத்தி மாத்திப் போட்டுக்கலாம், உள்ள இருக்கறது மாறாது."

அவர் பாதியிலேயே போனை எடுத்துப் பேசப் போய்விட்டார்.

ஒவ்வொரு செய்திக்கும் கீழே 'ஆசிரியர்: வெற்றிச்செல்வி' என்று வரும். அவள் கேட்டு வாங்கியது அது ஒன்றைத்தான். தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை செய்த குடும்பத்தில் முதல்முதலாக நாலு பேர் படிக்க வந்த பெயர். அம்மா ஆண்டாயிக்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் போனில் அந்தப் பெயரை அடையாளம் கண்டு விரலால் தொடுவாள்.

சைட்டின் ஆண்டு விழா வந்தது. மேடையில் 'நம் ஆசிரியர்' என்று பொன்னாடை வாங்கியது தங்கராசுவின் அக்கா மகன் ரஞ்சித்குமார். வெற்றிச்செல்வி கீழே ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள். மறுநாள் போய் நேராகவே கேட்டாள்.

"அவன் எப்ப சார் எழுதுனான்?"

"ஓம் பேரு இருந்தா வெளம்பரம் குடுக்கறவங்க எந்தத் தெருப் பொண்ணுன்னு விசாரிக்கறாங்க. எனக்கு எதுக்கு வம்பு? நீ வேற எடம் பாத்துக்க."

அவள் சிரித்தாள். பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பஸ்ஸில் வயிறெரிந்து அழுதாள்.

அன்றே தங்கராசு அவள் கணக்கை நீக்க உட்கார்ந்தார். வேர்டுபிரஸ் ஒழுங்காகத்தான் கேட்டது: இவர் எழுதியதை என்ன செய்வது, அழிப்பதா, வேறொருவர் பெயருக்கு மாற்றுவதா? மருமகன் பெயருக்கு மாற்றியிருந்தால் கதை முடிந்தது. அவள் சுவடே இருக்கக் கூடாது என்ற வெறியில் 'எல்லாவற்றையும் அழி' என்பதை அழுத்தினார். பெயர் மட்டும் போகும் என்று நினைப்பு.

சைட்டில் விளம்பரங்கள் மட்டும் மிஞ்சின. ரஞ்சித்குமார் தீம் மேல் தீமாக மாற்றிப் பார்த்தான். சட்டை மாறியது, உள்ளே ஆள் இல்லை. தண்டச் செலவென்று பேக்கப்பும் வைத்திருக்கவில்லை. கடைசியில் தங்கராசு அவளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, செய்தியெல்லாம் போயிருச்சு, எங்கயாச்சும் இருக்குமா?"

"என்னத்த அழுத்துனீங்க?"

சொன்னார். அவளுக்குப் புரிந்துவிட்டது. அழித்ததை வேர்டுபிரஸ் உடனே ஒழித்துவிடாது, ஒரு மாதம் குப்பையில் வைத்திருக்கும். உள்ளே போய் 'மீட்டெடு' என்று ஓர் அழுத்து, அத்தனையும் திரும்பி வரும்.

"எனக்குத் தெரியாதுங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

பக்கத்தில் இருந்த ஆண்டாயி கேட்டாள். "நீ எழுதுனதும் சேந்துதான போவுது?"

"போவட்டும்மா. எம் பேரு இல்லாம அது அந்தாளுகிட்ட இருக்க வேணாம்."

அந்த ஒரு மாதமும் அவள் சரியாகத் தூங்கவில்லை. வெயிலில் அலைந்து எழுதியது ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. கெடு முடிந்த மறுநாள் காலை அவளே கூப்பிட்டாள்.

"சார், போஸ்ட்ஸ் லிஸ்ட்டுக்கு மேல குப்பைன்னு ஒண்ணு இருக்குமே, பாத்தீங்களா?"

"இல்லியேம்மா! அதுலயா இருக்கு?"

"இருந்துச்சு சார். நேத்து வரைக்கும்."

வெற்றிச்செல்வி போனை வைக்கவில்லை. அவர் மூச்சு வாங்குவதை நிதானமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.