கவிழ்ந்து கிடக்கும் தாம்பாளம்

அண்ணாச்சி, எங்கள் மதியச் சாப்பாட்டைக் கெடுத்தது நீங்கள்தான். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. மட்டாஞ்சேரியில் நாங்கள் வேலை செய்யும் சுக்கு குடோனுக்கு நீங்கள் மேஸ்திரி. இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்துக்குச் செயலாளர். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்தீர்கள்.

ஊரிலிருந்து இந்தத் திறந்த கடிதத்தைப் படிப்பவர்களுக்கு எங்கள் சாப்பாடு விசித்திரமாகத்தான் இருக்கும். குடோனில் பத்துப் பதினைந்து பெண்கள். பாதிப்பேர் தமிழ், பாதிப்பேர் மலையாளம். சாக்கைக் கொட்டி, சுக்கைத் தரம் பிரித்து, பூச்சி அரித்ததைப் பொறுக்கி எறிவது வேலை. தூசி மூக்கில் ஏறி நாள் முழுக்கத் தும்மல். மதியம் சங்கு ஊதியதும் எல்லோரும் வட்டமாக உட்காருவோம். சோறு அவரவர் டப்பாவில் இருக்கும். குழம்பும் கூட்டும் மட்டும் நடுவில் இருக்கும் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்துக்குப் போய்விடும். யார் என்ன கொண்டுவந்தாலும் அதில் கொட்டியாக வேண்டும். வைப்பின் தீவிலிருந்து வரும் ரோஸம்மா சேச்சியின் குடம்புளி மீன்குழம்பு, கதீஜா இத்தாவின் உலர்ந்த இறால் சம்மந்தித் துவையல், என் காரக்குழம்பு எல்லாம் ஒன்றாகும். ரோஸம்மா சேச்சி கரண்டியால் ஒரு சுற்று சுற்றிவிட்டு எல்லோர் சோற்றிலும் ஊற்றுவார்.

முதல் நாள் எனக்குக் குமட்டியது. தேங்காயெண்ணெய், மீன், கத்தரிக்காய் எல்லாம் ஒரே சேறாகக் கிடந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். அவர்கள் சிரித்தார்கள். பத்து நாளில் பழகிவிட்டது. பிறகு வீட்டில் தனியாகச் சாப்பிட்டால் குழம்பில் ஏதோ குறைகிறது என்று தோன்றும் அளவுக்கு வந்துவிட்டேன். இப்போது மறுபடி குமட்டுகிறது. அதற்குக் காரணம் மீன் இல்லை.

ஊரில் நான் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். அங்கே மதியம் ஆளுக்கொரு மரம் உண்டு. வேம்புக்குக் கீழே நாங்கள். கருவேலத்துக்குக் கீழே அவர்கள். யாரும் போர்டு எழுதி மாட்டவில்லை. எந்த டப்பாவை எட்டிப் பார்க்கக் கூடாது என்று சேர்ந்த அன்றே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இங்கே மரமே இல்லை, தகரக் கூரைதான். மலையாளத்துக்காரர்களுக்கு நாம் எல்லோரும் ஒரே மூட்டை. பஸ்ஸில் இடித்தாலும் பாண்டி, மீன் விலை பேசினாலும் பாண்டி. கேட்கும்போதெல்லாம் எரியும். ஆனால் அந்த இளக்காரத்தையாவது நமக்குள் பிரிக்காமல் ஒரே அளவாகக் கொடுத்தார்கள். இங்கே இதெல்லாம் இல்லை என்று நான் புளுகவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்தால் இவர்களும் எல்லாம் விசாரிப்பார்கள். தாம்பாளத்தில் மட்டும் விசாரித்ததில்லை.

செல்வி வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நம் பக்கத்துப் பெண், சின்ன வயது, கணவனோடு பள்ளுருத்தியில் ஒரு ஒற்றை அறையில் இருக்கிறாள். வந்த அன்று ரோஸம்மா சேச்சி, "வீடு எவிடெயா மோளே?" என்று கேட்டார். "தமிழ்நாடு சேச்சி" என்றாள். அத்தோடு விசாரணை முடிந்தது. அன்றே அவள் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு தாம்பாளத்தில் விழுந்தது. கதீஜா இத்தா இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

உங்களுக்குத் தமிழ்நாடு போதவில்லை, அண்ணாச்சி. "எந்த ஊரு?" என்றீர்கள். சொன்னாள். "ஊருக்குள்ளயா, வெளியவா?" என்றீர்கள். அவள் தலை குனிந்தாள். விடவில்லை நீங்கள். "எந்தத் தெருன்னு கேக்கேன்" என்றீர்கள். அதையும் சொன்னாள். சுக்கு பிரிக்க எதற்குத் தெரு? நான் பக்கத்தில்தான் இருந்தேன், எல்லாம் கேட்டது.

மறுநாள் சங்கு ஊதியதும் நம் தமிழ்ப் பெண்கள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு மூட்டை அடுக்கிய மூலைக்குப் போனார்கள். அவர்களில் ஒருத்தியான பாப்பாக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "வா இங்க. அவ எந்தத் தெருன்னு அண்ணாச்சி சொல்லிட்டாரு. இனி எப்பிடி ஒரே தட்டுல கைய நனைக்க?" நான் போகவில்லை. பெரிய வீரம் ஒன்றும் இல்லை. எழுந்திருக்கவே அருவருப்பாக இருந்தது.

ரோஸம்மா சேச்சி ஒன்றும் புரியாமல் மூலையைப் பார்த்தார். "எந்தா, அவிடெப் போயி இருக்குந்நது? விரதமாணோ?"

பாப்பாக்கா நாக்கு கூசாமல், "ஆமா சேச்சி, விரதம்" என்றாள்.

அந்த அம்மாள் நம்பிவிட்டார். நம்பியது மட்டுமா? விரதக்காரிகள் மூக்கில் மீன் வாடை படக் கூடாது என்று மற்ற சேச்சிகளிடம் சொல்லிவிட்டார். அடுத்த இரண்டு நாளும் யாரும் மீன் கொண்டுவரவில்லை. வைப்பின்காரி மீன் இல்லாமல் சோறு தின்பது என்றால் என்னவென்று கொச்சியில் இருப்பவர்களுக்குத் தெரியும். கப்பைக் கிழங்கும் பயறும் கொண்டுவந்தார். இரண்டாம் நாள், செல்வியின் கத்தரிக்காய்க் குழம்பை மற்றதோடு கலக்குமுன் கரண்டி நிறைய அள்ளிக்கொண்டு மூலைக்கே போய்விட்டார்.

"இது கழிக்காம் மோளே. மீன் தொட்டிட்டில்லா. செல்வி உண்டாக்கியதா." மீன் படாதது, செல்வி சமைத்தது, சாப்பிடலாம் என்றார்.

பாப்பாக்கா டப்பாவைப் படக்கென்று மூடினாள். "வேண்டாம் சேச்சி."

"எந்தே? விரதத்தினு வழுதனங்ஙயும் பாடில்லே?"

கத்தரிக்காய்க்குக் கூடவா விரதத்தில் தடை என்று அவர் உண்மையாகவே கேட்டார். குழம்பு கரண்டியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. செல்விதான் எழுந்தாள். "விரதமெல்லாம் இல்ல சேச்சி. எங் கை பட்டது அவங்களுக்கு ஆகாது."

ரோஸம்மா சேச்சி திரும்பி வந்து செல்வியின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். புண்ணா, சொறியா என்று தேடினார். பிறகு முகர்ந்து பார்த்தார். "சுக்கல்லே உள்ளூ? அது எல்லாருடெயும் கையில் இல்லே?" சுக்கு வாடைதானே, அது எல்லோர் கையிலும் இருக்கிறதே என்றார்.

நான்தான் விளக்கினேன். எனக்குத் தெரிந்த மலையாளத்தில், மரம், தெரு, டப்பா எல்லாம் சொன்னேன். சொல்லும்போது நானே ஏதோ எச்சிலை வாரி வெளியே போடுவது மாதிரி இருந்தது. அவர் முகம் சிவந்தது. பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. "ரெண்டு திவசம் ஞான் மீன் கூட்டாதெ இருந்நது இதினாணோ?" என்று கத்தினார். இரண்டு நாள் மீன் தின்னாமல் இருந்தது இதற்காகவா என்பதுதான் அவர் கோபம். கரண்டியைத் தரையில் எறிந்தார். தாம்பாளத்தைக் கழுவி ஒரு சாக்கின் மேல் கவிழ்த்துவிட்டுத் தன் டப்பாவோடு வாசலுக்குப் போனார். அன்றிலிருந்து அவரவர் சோறு அவரவருக்கு. எங்கள் தீப்பெட்டி ஆபீஸை அப்படியே ரயிலேற்றிக் கொண்டுவந்து இங்கே இறக்கியாயிற்று.

வீட்டில் கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "நமக்கெதுக்குடி? நாளைக்குப் பிள்ளைக்கு ஊர்லதான மாப்பிள பாக்கணும்?" என்கிறார். அந்தப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். இந்தக் கடிதத்தை நானே அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மே, தெரு சோதிச்சது எந்தினா?" என்று கேட்டாள். தெருவை ஏன் கேட்டார் என்று அவளுக்கு விளங்கவே இல்லை. விளங்காமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்வி இந்த மாதத்தோடு நிற்கப் போவதாகச் சொல்கிறாள். "இங்க யாருக்கும் தெரியாதுன்னுதான்க்கா வந்தேன். இனி எங்க போக?" என்றாள். போதாததற்கு, பொங்கல் விழாவில் சமையல் பக்கம் வராமல் கோலம் போடுவதோடு நிறுத்திக்கொள்ளும்படி நீங்கள் அவளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அதே விழாவில் வருஷா வருஷம் மைக்கைப் பிடித்து, "பிழைக்க வந்த இடத்தில் நாம் எல்லோரும் ஒரே குடும்பம்" என்று தொண்டை அடைக்கப் பேசுகிறவரும் நீங்கள்தான். நானும் கைதட்டியிருக்கிறேன்.

இந்தப் பொங்கலுக்கும் வருவேன் அண்ணாச்சி. ஒரு பக்கம் செல்வியையும் இன்னொரு பக்கம் ரோஸம்மா சேச்சியையும் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருவேன். மடியில் அந்தத் தாம்பாளம் இருக்கும். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். என் கணவரிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். மைக்கில் பதில் சொல்லுங்கள். எங்களுக்காக ஒரு தடவை தமிழில் சொல்லுங்கள். சேச்சிக்காக அதையே மலையாளத்தில் சொல்லுங்கள், முடிந்தால். செல்வியின் கத்தரிக்காய்க் குழம்பில் என்ன இருந்தது?