உளவுத்துறைக்கு ஒரு ஜோடி

டென்னிஸ் வட்டாரத்தில் அவளுக்கு 'உளவுத்துறை' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்தால் அப்புறம் அந்தப் பெயருக்கு என்ன மரியாதை? புதுப் பந்து டப்பாவைத் திறந்தால் ஒருமுறை மோந்து பார்ப்பாள். விடுதியில் ரொட்டி வைத்தால் நேற்றையதோ என்று புரட்டிப் பார்ப்பாள். கணவர் போனில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், இந்த மனுஷனுக்கு இன்றைக்கு என்ன திடீர் அக்கறை என்று அரைமணி நேரம் யோசிப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, அவளை அப்படி ஆக்கியதே இந்த ஆட்டம்தான். அவள் ஆடுவது டிவியில் வருகிற பெரிய போட்டிகளில் இல்லை. அதற்குப் பல படி கீழே, இரண்டு வரிசை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, அதில் தோற்றுப் போனவர்களும் யாரோ ஒருத்தியின் அம்மாவும் உட்கார்ந்திருக்கும் போட்டிகள். முழங்கால் மக்கர் செய்ததில் ஒற்றையர் ஆட்டத்துக்கு முழுக்குப் போட்டாயிற்று. மிச்சமிருப்பது இரட்டையர். அதற்கு ஜோடி வேண்டும், ஜோடிதான் அவளுக்குத் தங்குவதில்லை. முதல் ஜோடி ஒரே ஒரு வரியில் செய்தி அனுப்பிவிட்டுக் கழன்றுகொண்டாள். இரண்டாமவள் அதற்குக்கூட மெனக்கெடவில்லை. வேறொருத்தியோடு களத்தில் இறங்கியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துத்தான் இவள் விஷயம் தெரிந்துகொண்டாள். இன்னொருத்தியும் போய்விட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊர் கிளப்பில் குழந்தைகளுக்கு மட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை எப்போதும் காத்துக்கொண்டிருக்கிறது.

இப்போதைய ஜோடி சின்னவள். வாய் நிறைய அக்கா என்பாள், பையைத் தூக்கி வருவாள், தோற்றாலும் சிரிப்பாள். இவ்வளவு நல்லவளாக ஒருத்தி இருக்க முடியுமா என்பதே உளவுத்துறைக்கு முதல் உறுத்தல்.

இந்த வாரம் உறுத்தல் முற்றிவிட்டது. காரணம் நெட்டை. வலைக்கு முன்னால் நின்றால் வானத்தையே மறைக்கிறவள். நெட்டையின் ஜோடி இந்தப் போட்டியோடு ஆட்டத்தை விடுகிறாள் என்பது ஊரறிந்த சங்கதி. அப்படியானால் நெட்டைக்கு ஆள் வேண்டும். வந்த அன்றே சின்னவளும் நெட்டையும் சாப்பாட்டு அறை மூலையில் நின்று, பந்தால் வாயை மறைத்துக் குசுகுசுவென்று பேசினார்கள். எதிராளி உதட்டைப் படித்துவிடக் கூடாது என்று களத்தில் பந்தால் வாயை மறைத்துப் பேசுவது இரட்டையர் பழக்கம்தான். ஆனால் சாப்பாட்டு அறையில் பந்துக்கு என்ன வேலை?

இருவரும் தங்கியிருந்த விடுதி அறைக்குத் திரும்பினால் சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனாள்.

"யாருடி போன்ல?"

"வீட்லதான்க்கா."

"வீட்ல பேசுறதுக்கு எதுக்குடி குழாயைத் திறந்து விடுற?"

"உங்க தூக்கம் கெடக் கூடாதேன்னுதான்."

பதில் தயாராக இருந்தது. அதுவும் உளவுத்துறைக்குப் பிடிக்கவில்லை.

அரையிறுதியில் எதிரே வந்து நின்றது அந்த நெட்டையும் அவள் ஜோடியும்தான். இவள் சர்வ் போடும்போது சின்னவள் வலையருகே முதுகு காட்டி நிற்பாள். முதுகுப்பக்கம் கையை வைத்து, ஒரு விரல் காட்டினால் பந்தை வெளிமூலைக்குப் போட வேண்டும், இரண்டு விரல் என்றால் நடுக்கோட்டுக்கு. பந்து அங்கே போகும் என்று நம்பித்தான் சின்னவள் அதற்கேற்ற பக்கம் வலையோரமாகப் பாய்வாள். ஆனால் அன்றைக்கு இவள் எங்கே போட்டாலும் நெட்டை அங்கே முன்கூட்டியே போய் நின்றாள்.

"வெளிமூலைக்குப் போடும்போது நீங்க ஓரடி தள்ளி நிக்கிறீங்கக்கா. அதை வச்சுக் கண்டுபிடிச்சிடுறாங்க," என்றாள் சின்னவள், பந்தால் வாயை மறைத்தபடி.

போன வாரமும் இதையே சொன்னாள். கழன்றுகொள்ளப் போகிறவள் குறை சொல்லாமல் என்ன செய்வாள் என்று இவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போதாததற்குச் சின்னவளின் சர்வில் அன்றைக்கு வேகமே இல்லை. பஞ்சுமூட்டை மாதிரி போய் விழுந்தது. வேண்டுமென்றேதான் என்று இவள் முடிவு கட்டினாள். விரல் கணக்கையெல்லாம் அங்கே விற்றுவிட்டு வந்து என்னிடம் அக்கா நோக்காவா?

ஆளுக்கொரு செட் ஆகி, முதலில் பத்துப் புள்ளி எடுப்பவர் ஜெயிக்கும் கடைசி டைபிரேக். சின்னவள் இரண்டு விரல் காட்டினாள். இவள் வேண்டுமென்றே வெளிமூலைக்குப் போட்டாள். சின்னவள் நடுப்பக்கம் பாய்ந்தாள். அவள் விட்டுப்போன காலி இடத்தில் நெட்டை பந்தை நிதானமாக வைத்தாள். அடுத்த சர்வும் அதே கதை. சின்னவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, குழப்பம்தான். அடுத்த முறையும் விரலை நன்றாகத் தெரியும்படி, இன்னும் பொறுமையாகக் காட்டினாள். இவள் அதையும் மீறினாள். அந்த மாதிரி நாலைந்து புள்ளிகள் போனதில் ஆட்டமும் போயிற்று.

உடைமாற்றும் அறையில் இவள் சண்டைக்குத் தயாராக நின்றாள். "எப்பலேர்ந்து அவளோட ஆடப் போற? அதையாவது நேரா சொல்லு."

சின்னவள் விழித்தாள். "நானா? எனக்குத் தோள்ல ஆபரேஷன்க்கா. டாக்டர் ஒரு வருஷம் மட்டையைத் தொடாதேன்னுட்டார். அரையிறுதி முடியட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க தனியா நின்னுடக் கூடாதேன்னு உங்களைச் சேர்த்துக்கச் சொல்லித்தான் அவங்ககிட்ட கெஞ்சிட்டு இருந்தேன். இன்னைக்கு ஆட்டத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்னாங்க. போய்க் கேளுங்களேன்."

இவள் அப்படியே வாசலுக்கு நடந்தாள். வெட்கத்தில் காது சுட்டது. வாசலில் நெட்டை ஷூ முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். இவள் வாயைத் திறக்கும் முன்பே அவள் முடியாது என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

"தள்ளி நிக்கிறது பெரிய விஷயமில்லைங்க, ஒரு வாரத்துல சரி பண்ணிடலாம். ஆனா அவ காட்டுன விரலைப் பார்த்துட்டே வேணும்னே மாத்திப் போட்டீங்க, அவ தப்பான பக்கம் ஓடுறப்பவே தெரிஞ்சுபோச்சு. முதுகைக் காட்டிட்டு உங்க முன்னாடி நிக்க எனக்குத் தைரியமில்ல. மன்னிச்சுக்கோங்க."

இவள் திரும்பி வந்தாள். சின்னவள் பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது.

"அக்கா, இந்தச் சட்டையைக் கொஞ்சம் கழட்டி விடுறீங்களா? கையைத் தூக்க முடியல."

ஒரு வாரமாகக் கண்கொத்திப் பாம்பாக அவளைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது ஒன்று மட்டும் கண்ணில் படவில்லை. குனிந்து, அந்தத் தோள் நோகாமல், வியர்வையில் ஒட்டியிருந்த சட்டையை மெதுவாக மேலே உருட்டினாள்.

"என்ன சொன்னாங்க?" என்று சட்டைக்குள்ளிருந்து கேட்டாள் சின்னவள்.

"சேர்ந்து ஆடலாம்னு சொன்னா."

"நான்தான் சொன்னேனே!" என்றாள் சின்னவள். முகம் வெளியே வந்தபோது அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள்.